படைப் பதிவேட்டில் மனைவி பெயர் தப்பாக இருக்கிறது, மகள் பெயரே இல்லை: எங்கே தொடங்குவது?

கேள்வியின் சுருக்கம்: "1979-ல் ராணுவத்தில் சேர்ந்து 1996-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். பி.பி.ஓ.வில் (ஓய்வூதியம் வழங்கும் உத்தரவில்) மனைவியின் பெயர் தப்பான எழுத்துகளில் இருக்கிறது, பிறந்த தேதி இல்லை. 1998-ல் பிறந்த இளைய மகளின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. என் பிறந்த தேதி, படையிலிருந்து வெளிவரும்போது தந்த டிஸ்சார்ஜ் புக்கில் ஒன்று, ஆதாரில் ஒன்று. 1989-ல் பணியில் முழங்காலில் அடிபட்டது, அது பதிவாகவே இல்லை. வங்கி, சைனிக் போர்டு, இ-சேவை மையம் என்று இரண்டு வருடமாக அலைகிறேன். எல்லாவற்றையும் எழுதி மூன்று மனு அனுப்பினேன், பதில் இல்லை."

ஐயா,

சிப்பாய்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ராணுவ ஆவண அலுவலகம் ஒன்றில் கிளார்க்காகப் பல வருடம் இருந்து சுபேதாராக வெளியே வந்தவன் நான். உங்களுடையதைப் போன்ற மனுக்கள் மேசைக்கு வந்தால் என்ன ஆகும் என்று தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மனுவில் இருப்பது ஒரு கோரிக்கை இல்லை, நான்கு. குடும்ப விவரத்தைப் பார்ப்பவர் ஒருவர், பென்ஷன் கோப்பைப் பார்ப்பவர் வேறொருவர், மருத்துவ இயலாமை சம்பந்தப்பட்டதைப் பார்ப்பவர் இன்னொருவர். நான்கையும் ஒரே தாளில் எழுதினால் அந்தத் தாள் முதல் மேசையிலேயே நின்றுவிடும். தன் பங்கை முடித்தவர் மீதிக்காக யாரிடம் அனுப்புவது என்று தெரியாமல் கோப்புக் கட்டுக்குள் வைத்துவிடுவார். அதனால் ஒரு கோரிக்கைக்கு ஒரு மனு. ஒவ்வொன்றிலும் படை எண், ரேங்க், பெயர், பி.பி.ஓ. எண், டிஸ்சார்ஜ் ஆன தேதி ஆகியவை தலைப்பிலேயே இருக்க வேண்டும். படை எண் இல்லாத மனுவை வைத்துக்கொண்டு ஆவண அலுவலகத்தில் எவராலும் எதையும் தேட முடியாது.

அடுத்து, எங்கே அனுப்புவது. வங்கிக்கு இதில் வேலையே இல்லை. பணத்தைக் கணக்கில் சேர்ப்பதோடு அதன் கடமை முடிந்தது. நீங்கள் சைனிக் போர்டு என்கிற மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உங்கள் மனுவைச் சரிபார்த்து, பரிந்துரை எழுதி மேலே அனுப்பலாம், திருத்த முடியாது. படையினரின் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் கைபேசி எண், முகவரி போன்றவற்றை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். மனைவியின் பெயரையோ பிறந்த தேதியையோ மாற்றக் கேட்டால் அந்தக் கோரிக்கையும் கடைசியில் போய் நிற்பது உங்கள் ஆவண அலுவலகத்தில்தான்.

நிலத்தை வைத்துச் சொன்னால் உடனே புரியும். தாய்ப்பத்திரத்தில் பெயர் பிழையாக இருக்கும்போது பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பிடித்துத் தொங்கிப் பயன் உண்டா? உங்கள் தாய்ப்பத்திரம் 'ஷீட் ரோல்'. நீங்கள் சேர்ந்த அன்று திறந்த பதிவேடு அது. பி.பி.ஓ., ஸ்பர்ஷ், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.ஹெச்.எஸ். அட்டை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. ஷீட் ரோலில் ஓர் எழுத்து மாற வேண்டுமென்றாலும் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவு வெளியாக வேண்டும். கல்யாணம், குழந்தை பிறப்பு, பதவி உயர்வு, விருது என்று ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் நடப்பதெல்லாம் அந்த உத்தரவு வழியாகத்தான் பதிவேட்டுக்குள் போகும். பார்ட் டூ ஆர்டர் வெளியானதும் ஆவண அலுவலகமே பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுதும். அங்கிருந்து திருத்திய பி.பி.ஓ. வரும். நாம் 'காரிஜெண்டம்' என்கிறோமே, அதுதான். இந்த வரிசையைத் தலைகீழாகத் தொடங்கியதால்தான் உங்களுக்கு இரண்டு வருடம் வீணானது.

எந்த ஆவண அலுவலகம் என்பது உங்கள் படைப்பிரிவைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்றால் பெங்களூரு. சிக்னல்ஸ் ஜபல்பூரில், பீரங்கிப் படை நாசிக்கில், மின், இயந்திரப் பொறியாளர் படையான ஈ.எம்.ஈ. செகந்திராபாத்தில், மருத்துவப் படை லக்னோவில். இதைப் படிக்கும் விமானப்படைக்காரர்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படைக்காரர்களுக்கு மும்பையில் உள்ள மாலுமிகள் பணியகம்.

இனி மனைவியின் பெயருக்கு வருவோம். நான்கில் இதுதான் அவசரம்.

இந்தப் பிழை எப்படி வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த மேசையில் நானே உட்கார்ந்திருக்கிறேன். லீவில் போய்க் கல்யாணம் முடித்துவிட்டு வருகிறார் ஒரு ஜவான். யூனிட் ஆபீஸில் டைப்ரைட்டருக்குப் பின்னால் இருப்பவர் வடக்கத்திக்காரர். "பீவி கா நாம்?" என்கிறார். இவர் "பழனியம்மாள்" என்கிறார். இந்தியில் ழகரம் இல்லை. அவர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் தட்டுகிறார். அதைத் திரும்பப் படித்தால் 'பல்னியமல்'. ஜவான் கையெழுத்துப் போட்டுவிட்டு பரேடுக்கு ஓடுகிறார். முப்பது வருடம் கழித்து ஆதார் ஓர் எழுத்தையும், பான் அட்டை இன்னோர் எழுத்தையும் காட்டும்போதுதான் அது பூதமாக எழுந்து நிற்கிறது. பெயருக்கு முன்னால் போடும் முதலெழுத்தும் (இனிஷியல்) அப்படித்தான். நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்து கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரின் எழுத்தாகிறது. அதைப் பார்க்கும் வெளிமாநில எழுத்தருக்கு இரண்டு பேரும் வெவ்வேறு பெண்கள்.

இதைச் சரிசெய்ய வழக்கமாகக் கேட்கும் தாள்கள் இவை: பி.பி.ஓ. நகல், டிஸ்சார்ஜ் புக் நகல், மனைவியின் ஆதார், பான், இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம், முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் முன் உறுதி செய்த பிரமாண வாக்குமூலம், பெயர் மாற்ற அறிவிப்பு வந்த ஒரு தமிழ் நாளிதழ், ஓர் ஆங்கில நாளிதழ். சில இடங்களில் நோட்டரி கையெழுத்தே போதும் என்பார்கள், சில இடங்களில் அரசிதழ் அறிவிப்பையும் கேட்பார்கள். அதனால் செலவு செய்வதற்கு முன் ஆவண அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டு, அவர்கள் தரும் பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டு இறங்குங்கள்.

வாக்குமூலத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வக்கீல் குமாஸ்தா பெரும்பாலும் "என் மனைவியின் சரியான பெயர் இது" என்று மட்டும் எழுதித் தருவார். அது போதாது. பதிவேட்டில் உள்ள தப்பான பெயரை அதே ஆங்கில எழுத்துகளில், எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதி, இதுவும் இன்ன பெயரும் ஒரே நபரையே குறிக்கும் என்று சொல்ல வேண்டும். பதிவேட்டில் இருக்கும் பிழையில் ஓர் எழுத்து உங்கள் வாக்குமூலத்தில் விட்டுப்போனால் மூன்றாவது பெயர் ஒன்று உருவாகிவிடும். எத்தனையோ கோப்புகள் இந்த ஒரு காரணத்துக்காகத் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

மனைவியின் பிறந்த தேதியையும் இதே மனுவில் கேளுங்கள். இந்த இரண்டும் ஒரே மேசையின் வேலை என்பதால் சேர்க்கலாம். தேதி எதற்கு என்று பலர் அலட்சியமாக விடுகிறார்கள். குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 80 வயது ஆனதும் 20 சதவீதம் கூடுதலாக வரும். 85-ல் அது 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் முழுதாக நூறு சதவீதம். பிறந்த தேதி பதிவேட்டில் இல்லாத பாட்டிகள் 83 வயதிலும் பழைய தொகையையே வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். எண்பதுகளுக்கு முன் வெளிவந்த பலருடைய பி.பி.ஓ.வில் மனைவியின் பெயரே இருக்காது, தேதிக்கு எங்கே போவது.

ஏன் அவசரம் என்கிறேன் என்றால், நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். மஞ்சள் பையில் கணவரின் டிஸ்சார்ஜ் புக், ஒரு மெடல், ரேஷன் கார்டு. கணவர் இறந்து நான்கு மாதம். பதிவேட்டில் இருந்த பெயர் 'ராசாத்தி', ரேஷன் கார்டில் 'முத்துலட்சுமி'. எழுத்துப் பிழை என்று சொல்ல வழியில்லை, இரண்டும் முழுக்க வேறு பெயர்கள். வீட்டில் எல்லோரும் கூப்பிட்டது ராசாத்தி என்று. கணவரும் கிளார்க் கேட்டபோது பாசத்தில் அதையே சொல்லியிருக்கிறார். அந்த அம்மா ஒவ்வோர் அலுவலகமாகப் போய், "நான்தாங்க அந்த ராசாத்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நிரூபிக்கச் சொன்னார்கள். கடைசியில் காப்பாற்றியது, பென்ஷன் தாள்களோடு சேர்த்து வைத்திருந்த, அதிகாரி கையெழுத்திட்ட ஜோடிப் புகைப்படம் ஒன்றுதான். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் இருந்த முகமும் எதிரே நின்ற முகமும் ஒன்று என்று ஒப்புக்கொள்வதற்குள் பதினான்கு மாதம் ஆனது. அதுவரை அவருக்கு ஒரு பைசா வரவில்லை. நிலுவை பின்னால் வந்தது உண்மைதான், ஆனால் அந்தப் பதினான்கு மாதத்தில் வீட்டில் இருந்த ஆடுகள் எல்லாம் போய்விட்டன.

அவர் கணவர் உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் சில மாதங்களில் முடிந்திருக்கும். பதிவேட்டுக்குச் சொந்தக்காரர் நீங்கள். "இவள்தான் என் மனைவி" என்று நீங்கள் சொன்னால் அது சாட்சி. நீங்கள் இல்லாதபோது அதையே அவர் சொன்னால் அது கோரிக்கை. ஆவண அலுவலகம் இந்த இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. அதனால்தான் முழங்காலைப் பற்றிய மனுவை ஓரமாக வைத்துவிட்டு இதை முதலில் முடியுங்கள் என்கிறேன்.

மகள் விஷயம் சுலபம். ஓய்வுக்குப் பிறகு பிறந்த பிள்ளையையும் பதிவேட்டில் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழ், உங்கள் மனு, அவருடைய ஆதார் நகல் ஆகியவற்றோடு தனியாக அனுப்புங்கள். "அவளுக்குக் கல்யாணம் ஆகிவிடும், எதற்கு?" என்று கேட்காதீர்கள். 25 வயதைத் தாண்டிய மகள் திருமணமாகாமலோ, விதவையாகவோ, விவாகரத்தாகியோ உங்களைச் சார்ந்து இருந்தால், பெற்றோர் இருவரின் காலத்துக்குப் பின் விதிகளுக்கு உட்பட்டுக் குடும்ப ஓய்வூதியம் பெற முடியும். மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. விவாகரத்து வழக்கு, பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே நீதிமன்றத்தில் தாக்கல் ஆகியிருக்க வேண்டும். நாளைக்கு எந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யார் கண்டது? பெயர் பதிவேட்டில் இருந்தால் அந்தக் கதவு திறந்திருக்கும்.

உங்கள் சொந்தப் பிறந்த தேதியில் என் கருத்து நேர் எதிரானது. பதிவேட்டைத் தொடாதீர்கள். சேர்ந்தபோது பள்ளிச் சான்றிதழைப் பார்த்து எழுதிய தேதி அது. அதை வைத்தே உங்கள் பணிக்காலமும் பென்ஷனும் கணக்கானது. பணிக்காலத்தின் கடைசியில் வந்து பிறந்த தேதியை மாற்றக் கேட்பதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. 1993-ல் ஹர்னாம் சிங் வழக்கில், ஒரு மத்திய அரசு ஊழியர் விஷயத்தில், உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்களோ 1996-லேயே ஓய்வு பெற்றவர். மாற வேண்டியது ஆதார். டிஸ்சார்ஜ் புக்கோடு பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு ஆதார் சேவை மையத்துக்குப் போய், எந்தத் தாளை ஏற்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு திருத்துங்கள். ஆதாரில் பிறந்த தேதியை மாற்றும் வாய்ப்பு பொதுவாக ஒரு முறைதான் கிடைக்கும். படிவத்தில் தேதியையும் மாதத்தையும் இடம் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

முழங்காலுக்கு வருகிறேன். இதில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை.

அடிபட்டது நிஜம், நீங்கள் இன்றைக்கும் மாடிப்படி ஏறச் சிரமப்படுவதும் நிஜம். ஆனால் டிஸ்சார்ஜ் ஆன நாளில் உங்கள் மருத்துவ வகை 'ஏ' என்று எழுதியிருந்தால், படை உங்களை முழு உடல்தகுதியோடு அனுப்பியதாகத்தான் தாள் சொல்லும். அதை மாற்ற அந்தக் காலத்துத் தாள் வேண்டும். இன்றைய டாக்டரின் கடிதம் போதாது. பணியில் அடிபட்டால் யூனிட்டில் 'இன்ஜுரி ரிப்போர்ட்' போட வேண்டும். சில நேரம் படைக்குள்ளேயே விசாரணை மன்றமும் (கோர்ட் ஆஃப் என்கொயரி) கூடும். அவை கிடைக்காவிட்டாலும், ராணுவ மருத்துவமனையில் சேர்ந்ததும் வெளிவந்ததும் பார்ட் டூ ஆர்டராக வெளியாவது வழக்கம். எனவே முதலில் உங்கள் ஆவணங்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். போன்றவற்றுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ராணுவத்துக்கு அப்படி ஒட்டுமொத்த விலக்கு இல்லை. "என் கோப்பு முழுவதையும் தாருங்கள்" என்று எழுதாமல், "ஷீட் ரோல், டிஸ்சார்ஜின்போது நடந்த மருத்துவக் குழுவின் நடவடிக்கைகள், 1989-ல் என் பெயரில் வெளியான பார்ட் டூ ஆர்டர்கள்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

"ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன" என்று ஒரு பதில் வரக்கூடும். அதைப் பார்த்து மனம் உடைந்து உட்கார்ந்தவர்கள் பலர். அந்தப் பதிலை நிதானமாகப் படியுங்கள். ராணுவ ஒழுங்குமுறைகளின் 595-ஆம் பத்தியின்படி 25 வருடத்துக்குப் பின் அழிப்பது பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் பணி ஆவணங்களை. நீங்கள் பென்ஷன் வாங்குபவர். இரண்டாவது, ஷீட் ரோல் போனாலும் 'லாங் ரோல்' என்ற நிரந்தரப் பதிவேடு ஒன்று ஆவண அலுவலகத்தில் இருக்கும். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களும் அதைக் கேட்டு வாங்கலாம். அதில் எல்லாம் இருக்காது, ஆனால் சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, வெளியேறிய காரணம் போன்ற அடிப்படை விவரங்கள் கிடைக்கும்.

1989-ஐச் சேர்ந்த ஒரு தாள் கிடைத்துவிட்டால் வழக்குக்கு உயிர் வரும். பணியில் சேரும்போது குறிக்கப்படாத ஒரு நோய் பின்னால் இயலாமையாக முடிந்தால், அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது படையின் பொறுப்பு என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அவர் இயலாமையோடு வெளியே அனுப்பப்பட்டவர், நீங்கள் அப்படி இல்லை என்பதை மறக்க வேண்டாம். இயலாமை குறைந்தது 20 சதவீதம் என்று மருத்துவக் குழு மதிப்பிட வேண்டும். வென்றாலும் 1996-லிருந்து நிலுவை வரும் என்று கணக்குப் போடாதீர்கள். 2008-ல் தர்சேம் சிங் வழக்கில், தாமதமாக வந்தவருக்கு நீதிமன்றத்தில் மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருட நிலுவைதான் என்று தீர்ப்பானது. நாளைத் தள்ளத் தள்ள நஷ்டம் உங்களுக்குத்தான்.

மனு, நினைவூட்டல் எதற்கும் பதில் வராமல் போனாலோ, மறுத்துப் பதில் வந்தாலோ ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2007-ஆம் வருடச் சட்டத்தில் உருவானது, சென்னையில் கிளை உண்டு. கடைசி உத்தரவு கிடைத்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். நேரே அங்கே போனால் "துறையிடம் கேட்டீர்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு மனுவின் நகலும் ஸ்பீடு போஸ்ட் ரசீதும் அப்போதுதான் பேசும். இதுவரை அனுப்பிய மூன்றுக்கும் ரசீது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மனைவி, மகள் பெயர்களுக்கெல்லாம் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருக்காது.

காரிஜெண்டம் வந்ததும் சந்தோஷத்தில் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். திருத்திய தாளே புதுப் பிழையோடு வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மகளிடம் ஆதாரையும் அதையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பர்ஷில் அதே எழுத்துகள் ஏறியிருக்கின்றனவா, ஈ.சி.ஹெச்.எஸ். அட்டையில் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று நகல் எடுத்து ஒன்றை மகள் வீட்டில் வையுங்கள். உங்கள் படை எண்ணை வீட்டம்மாவுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். அந்த மஞ்சள் பை அம்மாவிடம் நான் முதலில் கேட்டது அதைத்தான், அவருக்குத் தெரியவில்லை.